எருமைத் தயிர் சரியாக உறைய

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சட்டித் தயிர் தெரியாதவர் இல்லை. அதை உறைய வைப்பவை லக்டிக் அமில பக்டீரியாக்கள். அவற்றுக்குப் பிடித்த சூட்டைக் கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை.

1 லீற்றர் எருமைப்பாலை வடித்து, பொங்கியதும் தீயைக் குறைத்து 10 நிமிடம் கிளறுங்கள். கேடு செய்யும் கிருமிகள் சாகும். அதோடு மோர்ப்புரதம், கேசின் என்ற மற்றப் பால்புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் தயிர் கெட்டியாகும். 42 பாகை செல்சியஸுக்கு ஆறவிடுங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். பலர் பிழைவிடுவது இங்கேதான். 50 பாகைக்கு மேல் உறை ஊற்றினால் பக்டீரியாக்கள் நலிந்து சாகும். நன்றாக ஆறிப்போனால் உறைவது தாமதமாகி, வேறு கிருமிகள் முந்திவிடும்.

உறைக்கு நேற்றைய, அதிகம் புளிக்காத தயிரில் 2 மேசைக்கரண்டி போதும். கூட்டினால் சீக்கிரம் புளித்துத் தண்ணீர் பிரியும்.

வெயிலில் காய்ந்த மண்சட்டியில் ஊற்றி, மூடி, அசைக்காமல் 6 முதல் 8 மணிநேரம் வையுங்கள். சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சுவதால் தயிர் இறுகும். உறைந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் உறையவில்லையா? பால்காரரிடம் கேளுங்கள்: மடிவீக்கத்துக்கு அன்ரிபயோட்டிக் ஊசி போட்ட எருமையின் பாலில் மருந்து தங்கி, உறைக் கிருமிகளைத் தடுக்கும். அந்தப் பாலைக் குடிக்கவும் கூடாது.

உயிருள்ள தயிர்ப் பக்டீரியாக்கள் பாலிலுள்ள லக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க உதவுகின்றன. கொதிக்கும் குழம்பில் கலந்தால் அவை இறந்துவிடும்; ஆகவே சோற்றோடோ பாணி (இனிப்புப் பாகு) ஊற்றியோ பச்சையாகவே சாப்பிடுங்கள்.