தாய்ப்பாலைச் சிறு கிண்ணங்களில் சேமியுங்கள்

வேலைக்குச் செல்லும் தாய்மார்கள், எடுத்து வைக்கும் தாய்ப்பாலை ஒரே பாத்திரத்தில் சேர்க்காமல், சுத்தமான சிறு மூடிக் கிண்ணங்களில் 60 மில்லி அளவாகப் பிரித்து, நாளையும் நேரத்தையும் எழுதிக் குளிர்பெட்டியின் உட்புறத்தில் வைப்பது நல்லது. குழந்தை வாய் வைத்த பாலில் எச்சில் கலந்துவிடுவதால், மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டத்தான் வேண்டும். கிண்ணம் சிறிதாக இருந்தால், பாடுபட்டு எடுத்த பால் அப்படி வீணாகாது. மேலே ஏடுபோல் திரளும் கொழுப்பைக் கண்டு கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். குளிர்பெட்டியில் 4 நாள் தாங்கும் பால், வெளியே 25 டிகிரிக்குள் 4 மணி நேரமே தாங்கும் என்பதால், மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துக் குளிரில் செல்லும் இந்தக் கணக்கு, வாளையாற்றின் கோடை வெயிலில் செல்லாது. குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் சொல்வதே அளவு.