குமரியில் இலக்கியத் திருவிழா: ஏற்பாட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கவியரங்கத்துக்கு 12 கவிஞர்கள், ஆளுக்கு 5 நிமிடம், ஆக ஒரு மணி நேரம் என்று அழைப்பிதழில் அச்சாகிவிடும். அந்தக் கணக்கில் விட்டுப்போனவை நிறைய. பெயர் சொல்லி அறிமுகப்படுத்த ஒரு நிமிடம். மேடையேறி, மைக்கை உயரத்துக்கு ஏற்பத் திருப்பி, கைப்பையிலிருந்து தாளை எடுக்க அரை நிமிடம். முடிந்ததும் பொன்னாடை, நினைவுப் பரிசு, படம் எடுக்க ஒன்றரை நிமிடம். ஆளுக்கு 3 நிமிடம் கூடுகிறது. 12 பேருக்கு 36 நிமிடம். நாலு பேர் "இன்னும் ஒரே ஒரு சின்னக் கவிதை" என்றால் அமர்வு இரண்டு மணி நேரத்தை நெருங்கும். அடுத்த அமர்வுக்காக இரவு முழுக்க ரயிலில் வந்த எழுத்தாளரிடம் "ஐயா, ஒரு பத்து நிமிஷத்துல முடிச்சுக்கிடுங்க" என்று சீட்டு நீட்ட வேண்டியிருக்கும்.

திருவிழாவுக்கு வருகிற வாசகர் எழுத்தாளரின் குரலைக் கேட்கத்தான் வருகிறார். அந்த நேரத்தை எது தின்றாலும் அது தவறு. மற்றக் குறைகளை வாசகர் பொறுத்துக்கொள்வார். கவியரங்கத்துக்கு 7 பேர் போதும். எல்லாரையும் மேடைக்குப் பக்கத்து முதல் வரிசையில் அழைப்பு வரிசைப்படி உட்கார வையுங்கள். கவிதைகளை முன்னதாகவே வாங்கி 16 புள்ளி எழுத்தில் அச்செடுத்து வாசிப்பு மேசையிலேயே அடுக்கிவையுங்கள். மரியாதையைக் கடைசியில் ஏழு பேருக்கும் சேர்த்துச் செய்யுங்கள். 50 நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு கவிதையும் காதில் விழும்.

தொடக்க விழாவுக்கும் இதே நோய்தான். வரவேற்புரை, தலைமையுரை, நான்கைந்து முன்னிலை, ஆறு வாழ்த்துரை முடியும்போது மணி பன்னிரண்டைத் தொட்டுவிடும், கல்லூரிப் பிள்ளைகள் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். ஊர்ப் பெரியவர்களை விட முடியாதுதான். விடவும் கூடாது, இடமும் சாப்பாடும் நன்கொடையும் அவர்களால்தான் வருகின்றன. அவர்களிடம் வாழ்த்துரை கேட்காமல், குமரி எழுத்தாளர் ஒருவரின் அரைப் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அரைப் பக்கம் இரண்டு நிமிடம். எட்டுப் பேர் வாசித்தாலும் 16 நிமிடம்தான், அந்த 16 நிமிடமும் இலக்கியமாக இருக்கும்.

தேதி

தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்குப் பொருந்தும் தேதி இங்கே பொருந்தாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் குமரியில் பெய்யும். ஜூனில் தொடங்கினால் செப்டம்பர் வரை மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் நனையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாவட்டம் முழுக்க. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த மாதங்களில் திறந்தவெளிப் பந்தல் போடுவது சூதாட்டம். தகரக் கூரை மண்டபமும் அப்படித்தான்: மழை வலுத்தால் மைக்கை எவ்வளவு ஏற்றினாலும் பேச்சு கேட்காது.

மழையைத் தாண்டினால் திருவிழாக்கள். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காட்டுப் பகவதி அம்மன் கோயில் கொடை, மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. சபரிமலை சீசனில், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை, கன்னியாகுமரியில் விடுதி அறை வாடகை ஏறிவிடும். விருந்தினரை நாகர்கோவிலில் தங்க வைப்பதே மேல். ஆக மிஞ்சுவது பொங்கல் கழிந்து மண்டைக்காட்டில் கொடியேறும் வரையிலான சில வாரங்கள். அவை தை முகூர்த்த நாட்கள் என்பதால் மண்டபம் கிடைப்பது கஷ்டம். பள்ளிக்கூட அரங்கையோ தேவாலயத்தின் பங்குக் கூடத்தையோ ஆவணியிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. 2024 நவம்பர் 1 முதல், ரயில் முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. தேதியும் விருந்தினர் பட்டியலும் அதற்கு ஒரு மாதம் முன்பே உறுதியாகாவிட்டால், திறந்த அன்றே நாகர்கோவில் ரயில்களில் காத்திருப்புப் பட்டியல்தான் கிடைக்கும். விமானத்தில் வருபவர் திருவனந்தபுரத்தில் இறங்குவார். தூரம் 70 கிலோமீட்டர் சொச்சம்தான் என்றாலும் களியக்காவிளை, மார்த்தாண்டம் நெரிசலைச் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஞாயிறு காலை 9 மணிக்குத் தொடங்குவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. மாவட்டத்தின் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், அந்த நேரத்தில் ஆராதனையில் இருப்பார்கள். ஞாயிறு என்றால் மதியம் 2 மணிக்குத் தொடங்குங்கள். கடற்கரை ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போகாத வழக்கம் உண்டு. நெய்தல் எழுத்து பற்றிய அமர்வை அன்று பிற்பகலில் வைத்தால், எழுதப்பட்ட மனிதர்களே வந்து கேட்பார்கள்.

வில்லுப்பாட்டை இடைவேளைப் பாட்டாக ஆக்குவது

இரண்டு கருத்தரங்குகளுக்கு நடுவே "வில்லிசை: 20 நிமிடம்" என்று போடுவதைப் போல் கலைஞரைப் புண்படுத்துவது வேறில்லை. வில்லுப்பாட்டுக்கு ஓர் உடலமைப்பு உண்டு: காப்பு, வருபொருள் (பாடப்போவது எது என்று சொல்வது), குருவடி (குரு வணக்கம்), அவையடக்கம், நாட்டு வளம், பிறகுதான் கதை, கடைசியில் வாழி (வாழ்த்து). கொடை விழாவில் இரவு முழுக்க நீளும் கலை இது. 20 நிமிடம் கொடுத்தால் குருவடி முடியும்போது மணியடிக்க வேண்டியிருக்கும். குறைந்தது 75 நிமிடம், அதற்கு முன் 20 நிமிடம் களம் அமைக்க. தலைமைப் பாடகரான புலவர் நடுவில் வில்லின் முன் உட்கார, உடுக்கை, குடம், தாளம், கட்டை, பின்பாட்டு என்று அணிவகுப்பு வேண்டும். வில்லைக் குடத்தின் கழுத்தில் சாய்த்து, குடம் அசையாமல் நிறுத்திப் பார்க்காமல் யாரும் பாடத் தொடங்க மாட்டார்கள். முந்தைய அமர்வின் நாற்காலிகளை அப்போதுதான் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த 20 நிமிடமும் போய்விடும்.

குழு தரையில் உட்கார்ந்து பாடும். நாலு அடி மேடையில் பேச்சாளருக்கென்று வைத்த வாசிப்பு மேசையும் பூந்தொட்டி வரிசையும் அப்படியே இருந்தால், முன்வரிசைக்கு வில்லின் நுனியும் புலவரின் தலையும்தான் தெரியும். இரண்டையும் அகற்றிவிட்டு, குழுவை மேடையின் முன் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள்.

ஒலி இன்னும் முக்கியம். மைக்செட்காரர் பேச்சுக்குக் கொண்டுவந்த இரண்டு மைக்கையே வைத்துவிட்டுப் போய்விடுவார். புலவருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று, குடத்துக்குத் தாழ்ந்த ஸ்டாண்டில் ஒன்று என நான்கு வேண்டும். குடத்தின் மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் மட்டை அடிக்கும் காற்று மோதி வெறும் 'டொப் டொப்' என்று கேட்கும். ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில் சாய்த்து வைத்தால்தான் குடத்தின் ஆழமான நாதம் வரும். வில்லில் கட்டிய மணிகள் எப்படியும் எல்லா மைக்கிலும் விழும், அவற்றுக்குத் தனி மைக் வேண்டாம். ஸ்பீக்கர் பாக்ஸ்கள் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் விசிலடிக்கும். விசிலடித்ததும் சத்தத்தைக் குறைப்பார்கள், கதை கேட்காமல் போகும், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டு பிடிக்கவில்லை" என்று பேச்சு வரும். கேட்காததைப் பிள்ளைகள் எப்படி ரசிப்பார்கள்?

தோல்பாவைக் கூத்து இருட்டைக் கேட்கும் கலை. பிற்பகல் மூன்று மணிக்கு வைத்துவிட்டு ஜன்னலில் போர்வை கட்டினாலும் கதவு வழியே வெளிச்சம் திரையில் விழும், பாவையின் நிறம் வெளுத்துப்போகும். பொழுது சாய்ந்து ஆறே முக்காலுக்குத் தொடங்கி, அரங்கின் டியூப் லைட்டுகளை அணைத்து, குழந்தைகளைத் திரைக்கு முன் தரையில் உட்கார வையுங்கள். இந்தக் கணக்கில் வில்லுப்பாட்டு நாலரைக்கு, பாவைக்கூத்து ஆறே முக்காலுக்கு, எட்டுக்கு முன் விழா முடிவு. அதற்கு மேல் நீண்டால், கிராமங்களுக்குப் போகும் கடைசிப் பேருந்துகளை நம்பி வந்த பெண்களும் மாணவர்களும் நடுவிலேயே எழுந்துவிடுவார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்திலும் தடை.

அறிமுகத்தில் வரும் பிழைகள்

மேடையில் எழுத்தாளரைத் தவறாக அறிமுகப்படுத்துவது அவரை அவமதிப்பதற்குச் சமம். விருதுகளில்தான் குழப்பம் அதிகம். சாகித்திய அகாதெமி விருது, அதன் மொழிபெயர்ப்புப் பரிசு, இளம் எழுத்தாளருக்கான யுவ புரஸ்கார் மூன்றும் வேறு வேறு. பொன்னீலன் (1994), தோப்பில் முஹம்மது மீரான் (1997), நாஞ்சில் நாடன் (2010) பெற்றது முதல் வகை, குளச்சல் மு. யூசுப் பெற்றது மொழிபெயர்ப்புப் பரிசு. மலர்வதி 2012இல் பெற்றது யுவ புரஸ்கார். விருது ஆண்டையும் நூல் வெளிவந்த ஆண்டையும் ஒன்றாக்கிவிடுவதும் உண்டு. அறிமுகக் குறிப்பை 60 சொல்லுக்குள் எழுதி, அந்த எழுத்தாளருக்கே அனுப்பி, திருத்தி வாங்கிய பிறகு தொகுப்பாளர் கையில் கொடுங்கள்.

மறைந்தவர்களுக்கும் அதே கவனம் வேண்டும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேரூர்க்காரர், பிறந்தது 27-7-1876, மறைந்தது 26-9-1954. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் இடலாக்குடியும் பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவின் பூதப்பாண்டியும் பதாகையில் இடம் மாறக் கூடாது. ஊர்க்காரர்கள் முதலில் பார்ப்பது ஊர்ப் பெயரைத்தான்.

கலந்துரையாடலுக்கு நடுவராக ஒருவரைப் போடும்போது, அவர் அந்த நூலைப் படித்திருக்கிறாரா என்று கேட்கத் தயங்காதீர்கள். பின்னட்டையை மட்டும் படித்து வந்தவரின் முதல் கேள்வி "எழுத வேண்டும் என்ற ஆர்வம் எப்படி வந்தது?" என்பதாகவே இருக்கும். 45 நிமிட அமர்வில் மேடையில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். சபையின் கேள்விகளைத் துண்டுத்தாளில் வாங்குங்கள். எழுந்து நின்று ஐந்து நிமிட உரை நிகழ்த்துவது குறையும், பேசக் கூச்சப்படுகிற மாணவியின் கேள்வியும் மேடைக்கு வரும்.

இன்னொன்று மனதை வருத்துவது. பள்ளிப் பிள்ளைகளுக்கான கதைப் போட்டியில் தண்ணீரை 'வெள்ளம்' என்றும் மரவள்ளிக்கிழங்கை 'மரச்சீனி' என்றும் எழுதிய பிள்ளைக்கு "கொச்சை" என்று மதிப்பெண் குறைக்கும் நடுவர்கள் இருக்கிறார்கள். நாஞ்சில் நாட்டுப் பேச்சு, விளவங்கோட்டின் மலையாளம் கலந்த பேச்சு, கடற்கரைப் பேச்சு, தேங்காப்பட்டணத்து இஸ்லாமியர் பேச்சு: குமரியின் புனைகதை தமிழுக்குக் கொடுத்ததில் பெரும்பங்கு இவைதான். நடுவர்களுக்குக் கொடுக்கும் விதித்தாளில் "வட்டார வழக்குக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது" என்று முதல் வரியாக எழுதுங்கள். நாவல் பகுதி வாசிப்புக்கும் அந்தந்த ஊர்க்காரரையே தேடுங்கள். வேற்றூர்க் குரலில் அந்த உரையாடல் உயிரிழந்துவிடும்.

புத்தக மேசை, மலர், பந்தி

பேசும் எழுத்தாளரின் நூல் மேசையில் இல்லாமல் போவது ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. மூன்று வாரம் முன்பே பதிப்பகத்திடம் விற்காததைத் திருப்பும் ஒப்பந்தத்தில் கேளுங்கள். 6 அடிக்கு இரண்டரை அடி மேசையில் அட்டை தெரிய வைத்தால் 35 தலைப்புதான் அடங்கும். முதுகு தெரிய அடுக்கினால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மேசை தேநீர் கொடுக்கும் இடத்துக்குப் போகும் வழியில் இருக்கட்டும். கியூஆர் அட்டையை மட்டும் நம்பாதீர்கள், மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு; பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ச் சில்லறை 2,000 ரூபாய்க்காவது வேண்டும்.

விழா மலரில் பிறர் படைப்பைச் சேர்ப்பதில் சட்டச் சிக்கல் வரும். இந்தியாவில் எழுத்தாளர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுக்குப் பதிப்புரிமை. கவிமணி வாழ்நாளில் வெளியிட்ட கவிதைகளை 2015 முதல் தாராளமாக அச்சிடலாம். 2005இல் மறைந்த சுந்தர ராமசாமியின் கதைக்கு 2065 முடியும் வரை உரிமையாளரின் அனுமதி வேண்டும். மேடையில் ஒரு பகுதியை வாசிக்கச் சட்டம் இடம் தருகிறது. முழுக் கதையை மலரில் போடுவதும் ஒலிப்பதிவாக இணையத்தில் ஏற்றுவதும் வேறு. அவற்றுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று போட்டுவிட்டு இலை போட்டுப் பரிமாறினால், மதியத்தின் முதல் அமர்வு காலி நாற்காலிகளோடு தொடங்கும். ஒரு பந்திக்கு 60 பேர், அரை மணி நேரம். 240 பேருக்கு இரண்டு மணி நேரம். இலைதான் வேண்டும் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தை நிகழ்ச்சி நிரலிலேயே ஒதுக்குங்கள். இல்லையென்றால் பொதிச்சோறு, நாலு மணிக்குச் சுக்குக் காப்பியும் மட்டிப்பழமும் கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பணம் கொடுப்பதில் கடைசியில் நிற்பவர்கள் வில்லிசைக் குழுவும் பாவைக்கூத்துக் கலைஞருமாகவே இருக்கிறார்கள். வண்டி வாடகை சேர்த்துத்தான் குழு தொகை பேசியிருக்கும், ஓட்டுநருக்கு அன்றிரவே கொடுத்தாக வேண்டும். "திங்கட்கிழமை கணக்கில் போட்டுவிடுகிறோம்" என்று அனுப்பாதீர்கள். பேசிய முழுத்தொகையையும் காலையிலேயே உறையில் போட்டு, பெயரெழுதி, பொருளாளரிடம் தனியே வைத்து, வாழி பாடி இறங்கியதும் புலவர் கையில் கொடுங்கள். வில்லையும் குடத்தையும் வண்டியில் ஏற்ற நாலு தொண்டர்களை முன்கூட்டியே நியமித்து வையுங்கள்.