ரொறன்ரோ குளிர்காலத்தில் அகல் முன் பத்து நிமிடம்

டிசம்பர் நடுவில் ரொறன்ரோவில் மாலை 4.40 மணிவாக்கில் சூரியன் இறங்கிவிடும். அகல் விளக்கேற்றி, சுடரைப் பார்த்தபடி தியானத்தில் உட்கார அதுவே தோதான நேரம்.

புது அகலை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். இல்லாவிட்டால் அகலின் களிமண் எண்ணெயைக் குடித்துவிடும், தட்டிலும் கசியும். முக்கால் அளவு நல்லெண்ணெய். பஞ்சுத்திரி விளிம்புக்கு வெளியே ஒரு நெல்மணி நீளம் நீட்டினால் போதும். கூடினால் கரி கக்கும், புகை அலாரம் அலறும். அப்புறம் எங்கே தியானம்?

அகலைக் கண்மட்டத்தில், இரண்டரை அடி தள்ளி வையுங்கள். ஹீட்டர் காற்று படும் இடம் ஆகாது. சுடர் ஆடினால் கண் சோர்ந்துபோகும். சுடரின் அடியில் நீலம், மேலே மஞ்சள். திரிநுனிக்குச் சற்று மேலே பார்வையை நிறுத்துங்கள், முறைக்க வேண்டாம். கண் கரித்ததும் மூடுங்கள். இமைக்குள் ஓர் ஒளிப்புள்ளி மிதக்கும், துரத்தினால் நழுவும். அது மறைந்ததும் மறுபடி. மூன்று சுற்று. எண்ணம் ஓயவில்லையே என்று பலர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஓயாது, அலைவதைக் கவனிப்பதுதான் வேலை.

வலிப்பு, கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தவிர்க்கவும். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சோர்வும் அதிகத் தூக்கமும் இருந்தால் விளக்கு போதாது. டாக்டரிடம் காட்டுங்கள், காலையில் 10,000 லக்ஸ் (ஒளியளவின் அலகு) பிரகாசம் தரும் ஒளிப்பெட்டி முன் அரை மணி நேரம் உட்காரச் சொல்லக்கூடும்.