ஜவ்வாது மலையில் படுத்துக்கொண்ட பேட்டரி
ஜமுனாமரத்தூரில் கூடாரம் போட்டு, ராத்திரி முழுக்க ஜீப் பேட்டரியிலேயே சின்ன ஃபிரிட்ஜையும் விளக்கையும் ஓடவிட்டேன். விடிந்ததும் சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ மட்டும்தான். மீட்டரில் 11.7 வோல்ட், முழு சார்ஜில் 12.6 காட்ட வேண்டும். இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்து வேலூர் வந்து சேர்ந்தோம்.

காட்பாடி மெக்கானிக் அண்ணன் பேட்டரியை ஒரே விரலால் ஆட்டிக் காட்டினார். அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் லூஸ். மலைப்பாதைக் குலுக்கலில் பேட்டரிக்குள் இருக்கும் தகட்டுப் பூச்சு உதிர்ந்திருக்கும் என்றார்.

சரி என்று ஏஜிஎம் பேட்டரிக்கு மாறினேன். அதில் அமிலத்தை உறிஞ்சிய கண்ணாடி இழைப் பாய் தகடுகளை இறுக்கிப் பிடித்திருப்பதால் குலுக்கலை நன்றாகத் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் காட்டுப் பாதைக்கு அதுதான் சரி. ஃபிரிட்ஜுக்கு ஐசொலேட்டர் (இரண்டு பேட்டரியையும் பிரித்து வைக்கும் கருவி) வைத்து தனியாக ஒரு டீப் சைக்கிள் பேட்டரி, அதாவது அடிக்கடி ஆழமாக வடிந்தாலும் தாங்கும் வகை. ஸ்டார்ட்டர் பேட்டரியை அப்படி வடியவிடவே கூடாது. அப்புறம், கிளம்பும் முன் கிளாம்ப்பை இப்போதெல்லாம் நானே ஆட்டிப் பார்க்கிறேன்.