காபிக்கும் தண்ணீருக்கும் ஒரே டிராவல் மக்: மூடியைப் பார்த்து வாங்குங்கள்

டிராவல் மக் வாங்கும்போது கண் போவது நிறத்துக்கும் வடிவத்துக்கும். வாங்கி ஒரு மாதம் ஆனபின் எரிச்சலூட்டுவது மூடி. உடல் பகுதி எல்லா நல்ல மக்குகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்: உள்ளே ஒரு எவர்சில்வர் சுவர், வெளியே ஒன்று, நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் 1892-இல் உருவாக்கிய வெற்றிடக் குடுவையின் கொள்கை அதுவே. ஒழுகுவது, நாற்றம் பிடிப்பது, சூடு போவது, கழுவ முடியாமல் போவது என்று மக்கைத் தூக்கிப் போட வைக்கும் காரணங்களில் பாதிக்கு மேல் மூடியில்தான் இருக்கின்றன. ஆகவே மூடி முதலில், அளவு அடுத்து, உடல் கடைசியில் என்ற வரிசையில் தேர்ந்தெடுப்பது நல்லது.

எந்த மூடி?

மக்கை எங்கே வைத்துக்கொண்டு போவீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. லேப்டாப் இருக்கும் பைக்குள் படுக்கவைத்துப் போட வேண்டுமென்றால் ‘லீக் ப்ரூஃப்’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ‘ஸ்பில் ரெசிஸ்டன்ட்’, ‘ஸ்ப்ளாஷ் ப்ரூஃப்’ என்பவை வேறு. கை தட்டினால் மொத்தமும் கொட்டாது, குலுங்கினால் தெறிக்காது என்பதற்கு மேல் அவை எதையும் உறுதி சொல்வதில்லை. காந்தத்தில் நகரும் ஸ்லைடர் மூடிகள் பெரும்பாலும் இந்த வகைதான். மேஜையிலேயே இருக்கும் மக்குக்கு அவை அருமை, கழுவவும் எளிது. பைக்கு ஆகாது.

முழுக்கத் திருகித் திறக்கும் மூடியில் பாகங்கள் குறைவு, கசிவும் குறைவு. ஆனால் குடிக்கும்போது இரண்டு கையும் வேண்டும், கழற்றிய மூடியை வைக்க இடமும் வேண்டும். பூட்டுடன் கூடிய ஃபிளிப் மூடியை ஒரு கையால் திறக்கலாம். காபியும் தண்ணீரும் மாறி மாறிக் குடிப்பவருக்குப் பொதுவாக இதுவே பொருந்தும். பட்டனை அழுத்திக் குடிக்கும் வகையும், சுற்றிலும் எங்கே வாய் வைத்தாலும் குடிக்கலாம் என்ற வகையும் கசிவைத் தடுப்பதில் கெட்டி. அவற்றுக்குள் இருக்கும் ஸ்பிரிங், தண்டு, சின்னச் சின்ன வளையங்களுக்குள் பால் புகுந்தால்தான் தலைவலி.

ஸ்ட்ரா மூடி தண்ணீருக்கு மட்டும். சூடான காபியை விளிம்பில் உறிஞ்சும்போது கூடவே காற்றும் கலந்து உதட்டுக்கு வருவதற்குள் அது சற்று ஆறிவிடும்; சூடு அதிகமென்றால் உதடு முதலில் எச்சரித்துவிடும். ஸ்ட்ராவில் இந்த எச்சரிக்கை கிடையாது. சூடான காபி நேராக நாக்கின் மேல் வந்து விழும்.

மூடியைக் கையில் எடுத்ததும் அதன் பாகங்களைப் பிரித்துப் பாருங்கள். சிலிக்கோன் வளையம் விரல் நுனியாலோ ஒரு ஸ்பூன் காம்பாலோ வெளியே வர வேண்டும். குடிக்கும் துளைக்குக் கீழே இருக்கும் குட்டி அடைப்பும் கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக்குள் ஒட்டி மூடப்பட்ட அறை இருந்து, அதில் மெல்லிய இடைவெளி தெரிந்தால் வைத்துவிடுங்கள். அதற்குள் போகும் காபி வெளியே வராது. அந்த மாடலுக்கு வளையமும் மூடியும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். உடல் பல ஆண்டுகள் உழைக்கும், வளையம் அவ்வளவு தாங்காது. ஐந்து நிமிடம் தேடியும் உதிரி வளையம் கிடைக்காத மக் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கத் தகுந்ததில்லை.

காபி வாசனை தண்ணீரில் ஏறுவது

ஒரே மக்கில் இரண்டும் குடிப்பவர்களின் நிரந்தரப் புகார் இது. எவர்சில்வர் சுவரில் ஒட்டும் காபி எண்ணெய், சோப்பும் பிரஷும் பட்டால் போய்விடும். சிலிக்கோனும் மூடியின் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கும் அப்படி விடுவதில்லை. எண்ணெயையும் மணத்தையும் தமக்குள் இழுத்துக்கொள்கின்றன. தண்ணீரில் அடிக்கும் ‘பழைய காபி’ வாடை அநேகமாக மக்கிலிருந்து வருவதில்லை, வளையத்திலிருந்துதான் வருகிறது. சந்தேகமிருந்தால் வளையத்தைக் கழற்றி மோந்து பாருங்கள்.

சுத்தமான தீர்வு ஒரு உடலுக்கு இரண்டு மூடி. காபிக்கு ஃபிளிப், தண்ணீருக்கு ஸ்ட்ராவோ திருகு மூடியோ. அதனால் ஒரே வாய் விட்டத்தில் பல மூடிகள் விற்கும் தொடரைத் தேடி வாங்குவது லாபம். இரண்டு மூடி சுமப்பது பிடிக்காதவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்: காலையில் தண்ணீர், பிறகு காபி, இரவில் முழுக் கழுவல். காபிக்குப் பின் வெறும் தண்ணீரால் அலசிவிட்டுக் குடிநீர் ஊற்றினால் வாடை இருக்கத்தான் செய்யும். வெந்நீரும் சோப்பும் இருந்தால்தான் எண்ணெய் நகரும். உட்புறம் செராமிக் பூச்சு உள்ள மக்குகளில் உலோகச் சுவை தெரியாது என்பது உண்மை. ஆனால் கரண்டி பட்டாலோ விழுந்தாலோ பூச்சு பெயரலாம். மூடியின் வாடைக்கு அந்தப் பூச்சால் எந்தப் பயனும் இல்லை.

எவ்வளவு பெரியது?

ஒரு வேளைக் காபிக்கு 350 மி.லி. போதும். தண்ணீருக்கு 500-க்குக் கீழே போனால் அடிக்கடி நிரப்ப ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒன்றே என்றால் 450 முதல் 500 மி.லி. வரை நடுவழி. ‘பெரிதாகவே வாங்கிவிடலாமே, பாதி ஊற்றினால் ஆயிற்று’ என்ற கணக்கு காபியில் பலிக்காது. மக் இழக்கும் வெப்பம் உள்ளே இருக்கும் அளவுக்கு ஏற்பப் பாதியாகக் குறைந்துவிடாது. மூடி வழியாகவும் கழுத்து வழியாகவும் போவது போய்க்கொண்டே இருக்கும். தாங்கிப் பிடிக்க இருக்கும் காபியோ பாதி. ஆகவே 600 மி.லி. மக்கில் ஊற்றிய 300 மி.லி. காபி, 350 மி.லி. மக்கில் ஊற்றியதைவிடச் சீக்கிரம் ஆறும்.

வாய் அகலத்திலும் இதே இழுபறி. குறுகிய வாய் சூட்டைக் காக்கும், 6 செ.மீ.க்கு மேற்பட்ட வாய் இருந்தால் பிரஷ் தாராளமாக நுழையும், பனிக்கட்டி போடலாம், வடிகட்டிக் கூம்பை மேலேயே வைத்துக் காபி இறக்கலாம். தினசரிப் பயன்பாட்டுக்கு அகல வாயே நல்லது. கழுவ முடியாத மக்கில் சூடு நின்று என்ன பயன்? அடிப்பகுதி விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். வண்டியின் கப் ஹோல்டரில் 7 செ.மீ. பெரும்பாலும் உட்காரும், 8 செ.மீ. பல இடங்களில் உட்காராது. காபி இயந்திரத்திலிருந்து நேராகப் பிடிப்பவர்கள், குழாய்க்கும் தட்டுக்கும் நடுவே உள்ள உயரத்தை அளக்காமல் வாங்கக் கூடாது.

உடல்: எதைப் பார்ப்பது, எதை நம்பாமல் இருப்பது

எவர்சில்வரின் தரக் குறியீடாக 304 என்றோ 18/8 என்றோ எழுதியிருந்தால் போதும். இரண்டும் ஒன்றே: ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-இல் மாலிப்டினம் சேர்வதால் உப்பை இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனால் காபிக்கும் தண்ணீருக்கும் அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த 201 மலிவு, துருப் புள்ளிகள் சீக்கிரம் வரும். காந்தம் ஒட்டினால் போலி என்ற சோதனையை நம்பாதீர்கள். 201-லும் காந்தம் சரியாக ஒட்டாது. நல்ல 304-உம் வளைத்து இழுத்த இடத்தில் லேசாக ஒட்டும்.

‘டபுள் வால்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நடுவில் வெறும் காற்றாக இருக்கலாம். ‘வேக்குவம்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். உட்சுவரின் மறுபக்கத்தில் செம்பு பூசியிருந்தால் கதிர்வீச்சாகப் போகும் வெப்பம் குறையும். அது கூடுதல் நன்மைதான், அதற்காக மோசமான மூடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

‘12 மணி நேரம் சூடு, 24 மணி நேரம் குளிர்ச்சி’ என்ற வாசகத்தில் டிகிரி இல்லையென்றால் அதற்குப் பொருளே இல்லை. 40 டிகிரியும் சூடுதான் என்று சொல்லிவிடலாம். ஜப்பானியத் தயாரிப்புகள் சிலவற்றில் 6 மணி நேரத்துக்குப் பின் இத்தனை டிகிரி என்று எழுதியிருப்பார்கள். அதுதான் நேர்மையான எண். அதை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். அறை 25 டிகிரி, ஊற்றியது 95 என்றால் இடைவெளி 70. ஆறு மணி நேரத்தில் 67-க்கு வந்தால் இடைவெளி 42, அதாவது அறுபது சதவீதம். அடுத்த ஆறு மணி நேரத்திலும் அதே விகிதம்: 42-இல் அறுபது சதவீதம் ஏறக்குறைய 25, ஆக மக்குக்குள் 50 டிகிரி. குளிர்ச்சிக்கு எப்போதும் அதிக மணி நேரம் எழுதியிருப்பதன் ரகசியமும் இதே கணக்கில் உண்டு. 5 டிகிரித் தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள இடைவெளி 20-தான், வெப்பம் மெதுவாகவே ஏறும். பனிக்கட்டி போட்டால் இன்னும் நீளும்: 100 கிராம் பனிக்கட்டி உருக எடுத்துக்கொள்ளும் வெப்பம் 400 கிராம் தண்ணீரை 20 டிகிரி சூடேற்றப் போதுமானது.

வாங்கி வந்த அன்று

கழுவியபின் முதலில் வெற்றிடச் சோதனை. கொதிநீரை நிரப்பி மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். வெளிச்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். கழுத்தோரம் இளஞ்சூடு இருந்தால் கவலையில்லை, இரண்டு சுவரும் அங்கேதான் சேர்கின்றன. நடுவிலோ அடியிலோ சூடு தெரிந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அதைச் சரிசெய்ய வழியில்லை. அன்றே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது கசிவு. குளிர்ந்த நீரை நிரப்பி, பூட்டி, காகிதத் துண்டின் மேல் பத்து நிமிடம் படுக்கவையுங்கள். காகிதம் நனையாவிட்டால் வெந்நீரில் ஒருமுறை செய்யுங்கள், குலுக்காமல். குளிர்நீரில் தேறிய மூடி வெந்நீரில் தோற்பது உண்டு. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிகிறது, நீராவியும் சேர்கிறது, அழுத்தம் வளையத்தைத் தள்ளுகிறது. மூடியைத் திறந்ததும் காபி தெறிப்பதும் இதனால்தான். விளிம்புவரை நிரப்பாமல் மூடியின் அடிப்பகுதிக்குக் கீழே ஒரு செ.மீ. காலியாக விடுங்கள். சோடா போன்ற வாயுப் பானங்களைப் பூட்டு மூடியில் ஊற்றவே வேண்டாம்; மூடி எகிறலாம்.

தினமும் காபி ஊற்றுமுன் வெந்நீரால் ஐந்து நிமிடம் மக்கைச் சூடேற்றுவது வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை. மெல்லிய எவர்சில்வர் சுவரில் இதனால் கிடைப்பது இரண்டு மூன்று டிகிரிதான். நீண்ட நேரம் சூடு வேண்டுமென்றால் செய்யலாம், அவசரத்தில் விட்டுவிட்டாலும் குடி முழுகாது. உண்மையில் நல்ல மக்கில் வரும் தொல்லை நேரெதிரானது: காபி ஆறவே ஆறாது. 90 டிகிரியில் ஊற்றி மூடினால் ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் வாய் வைக்க முடியாது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை 2016-இல் ‘புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு உள்ளவை’ என்ற வகையில் சேர்த்தது. மூடாமல் ஆறவிட்டு, 65 டிகிரிக்குச் சற்றுக் கீழே வந்ததும் மூடினால் நாக்கும் தப்பிக்கும், சூடும் நிற்கும்.

பால் சேர்த்த காபிக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு. 60 டிகிரிக்குக் கீழே இறங்கியபின் கிருமிகள் பெருகத் தொடங்கலாம், மக்கோ அந்த வெதுவெதுப்பை மணிக்கணக்கில் காத்து வைத்திருக்கும். அதனால் வெதுவெதுப்புக்கு வந்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடியுங்கள். மிச்சத்தை மாலைவரை வைத்திருக்கக் கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்குக் கறுப்புக் காபிதான் சரி.

கழுவுவது

நாள்தோறும் வெந்நீர், சோப்பு, நீளக் கைப்பிடி பிரஷ். வளையத்தை வாரம் இருமுறை கழற்றுங்கள். பால் காபியென்றால் தினமும். உள்ளே பழுப்பேறியிருந்தால் ஒரு தேக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட்டை (ஆக்சிஜன் ப்ளீச் தூள்) அரை லிட்டர் வெந்நீரில் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு நன்றாக அலசுங்கள். மூடியைப் போடாமல்தான் ஊறவிட வேண்டும், வாயு வரும். சமையல் சோடாவும் வேலை செய்யும், ஒரு இரவு ஆகும். தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தால் சோடா பயன்படாது. ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூளை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஓரிரு மணி நேரம் வையுங்கள். குளோரின் ப்ளீச் எவர்சில்வரில் புள்ளிப் புள்ளியாய்க் குழி விழவைக்கும், கம்பி நார் கீறிவிடும். இரண்டும் வேண்டாம். அடியில் தயாரிப்பாளர் அனுமதி எழுதியிருந்தால் மட்டும் டிஷ்வாஷர்.

வளையத்தில் கறுப்புப் புள்ளிகள் வந்தாலோ, ஊறவைத்தும் வாடை போகாவிட்டாலோ, மரையைக் கடைசிவரை திருகியும் கசிந்தாலோ வளையத்தை மாற்றுங்கள். கீழே விழுந்து சொட்டை விழுந்த மக்கை மறுபடி கொதிநீர் ஊற்றிச் சோதியுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் வட்டத் தகடு பெயர்ந்து வந்துவிட்டால் உபயோகத்தை நிறுத்திவிடுங்கள், வெற்றிடத்தை அடைத்த இடம் அதற்குள் இருக்கிறது. சில தயாரிப்புகளில் அந்த அடைப்பில் ஈயம் உண்டு. இரவில் கழுவியபின் மூடியைத் தனியாகவும் மக்கைக் கவிழ்த்தும் வைத்துக் காயவிடுங்கள்.