கும்பிடும் வேண்டாம், பெட்டிசமும் வேண்டாம்: பட்டப்பின்படிப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பின் காரணம் கேட்பதில் நேரும் தவறுகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆபீசுக்கு, அதாவது தோட்டத்தை நடத்தும் துரைக்கு, எழுதும் கடிதங்கள் இரண்டே வகை. ஒன்று, "கனம் துரை அவர்களின் சமுகத்துக்கு" என்று தொடங்கி, குடும்பக் கஷ்டம் முழுவதையும் கொட்டி, கூரைத் தகரம் மாற்றித் தரும்படி கும்பிட்டு முடிவது. மற்றது பெட்டிசம், அதாவது முறைப்பாட்டு மனு. அதில் கும்பிடு இருக்காது, பிரதிகள் இருக்கும்: தொழில் ஆணையாளருக்கு ஒன்று, சங்கத் தலைமையகத்துக்கு ஒன்று, அமைச்சருக்கு ஒன்று, கோபம் அதிகமானால் ஜனாதிபதிக்கும் ஒன்று. கையெழுத்து நன்றாக இருந்த பாவத்துக்கு, ஐந்தாம் வகுப்பிலிருந்தே நான்கு லயங்களுக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) இரண்டு வகையையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

26 வயதில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று என் கலாநிதி (பிஎச்.டி.) படிப்பு விண்ணப்பத்தை நிராகரித்தது. காரணம் கேட்டு மின்னஞ்சல் எழுதினேன். முதல் பாதி துரைக்கு எழுதும் கடிதம், பின் பாதி பெட்டிசம். அம்மா அட்டைக்கடிக்கு நடுவே கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்த கதை அதில் இருந்தது. என்னைவிடக் குறைந்த பெறுபேறு உள்ளவருக்கு எப்படி இடம் கொடுத்தீர்கள் என்ற கேள்வியும் இருந்தது. முன்பின் அறியாத மூன்று பேராசிரியர்களுக்குப் பிரதியும் போட்டிருந்தேன். பதில் வரவில்லை.

இப்போது பெப்ரவரி, மார்ச் வந்தால் ஹற்றனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் பிள்ளைகள் தங்கள் கடிதங்களை எனக்கு அனுப்புகிறார்கள். பலவற்றைப் படிக்கும்போது என் பழைய மின்னஞ்சலையே படிப்பதுபோல இருக்கிறது.

முதல் தவறு, கடிதத்தின் முதல் வரிக்கு முன்பே மனதில் விழுந்துவிடுகிறது. இல்லாத வெட்டுப்புள்ளியைத் தேடுகிறோம். உயர்தரப் பரீட்சையில், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி நான்கு தசம தானங்களில் வருகிறது. நுவரெலியா மாவட்டத்துக்கு எவ்வளவு, பதுளைக்கு எவ்வளவு என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடுகிறது. எவ்வளவு குறைவால் மருத்துவ பீடம் கை நழுவியது என்று பத்து வருடம் கழித்தும் தூக்கத்தில் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்திலும் அப்படித்தான். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், ஆனால் தராசு கண்ணெதிரே தொங்குகிறது, கணக்கப்பிள்ளையிடம் சண்டை போட முடியும். இப்படி வளர்ந்தவர்கள், பட்டப்பின்படிப்புத் தெரிவிலும் எங்கோ ஒரு தராசு இருக்கிறது, அதை நம்மிடம் மறைக்கிறார்கள் என்று நினைப்பதில் வியப்பில்லை.

ஆய்வுப் பட்டங்களுக்கான தெரிவு, அதுவும் வெளிநாட்டில், பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குழுவாக அமர்ந்து விண்ணப்பங்களைப் படிக்கிறார்கள். இருக்கும் நிதிக்கு எத்தனை பேரை எடுக்க முடியும், நீங்கள் செய்ய விரும்பும் ஆய்வை வழிநடத்த ஆள் இருக்கிறாரா, அவர் இந்த ஆண்டு புதிய மாணவரை எடுக்கிறாரா என்றெல்லாம் பார்க்கிறார்கள். தகுதியான பலருள் சிலருக்கு மட்டும் இடம் போகும்போது, மற்றவர்களின் கோப்பில் 'இதனால் நிராகரித்தோம்' என்று எழுத ஒரு காரணமே இல்லாமலும் இருக்கலாம். "எத்தனை புள்ளியால் தவறவிட்டேன்?" என்று அவர்களைக் கேட்டால், அவர்களிடம் இல்லாத ஒன்றைக் கேட்கிறோம்.

உள்நாட்டில் விண்ணப்பித்தவர்கள் அதற்கும் முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தகைமை போதாமல் விலக்கப்பட்டீர்களா, தகைமை இருந்தும் தெரிவாகவில்லையா? இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். முதுதத்துவமாணி (எம்.பில்.) பதினோராம் மட்டம், கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாம் மட்டம். பொதுப் பட்டத்தை வைத்துக்கொண்டு நேரே ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, தன் ஆய்வு முன்மொழிவில் என்ன பிழை என்று மாதக்கணக்கில் குழம்பிய ஒரு தம்பியை எனக்குத் தெரியும். முன்மொழிவை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். விண்ணப்ப அறிவித்தலில் இருந்த தகைமைப் பகுதியைத் திரும்பப் படித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். அறிவித்தலிலேயே இருப்பதைக் கடிதம் போட்டுக் கேட்பதும் ஒரு தவறுதான்.

அடுத்தது நேரம். முடிவு வந்த இரவே எழுதாதீர்கள். அன்றிரவு எழுதுவது எதுவாக இருந்தாலும் பெட்டிசமாகத்தான் வரும். ஒரு வாரமாவது போகட்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். நிதியுதவியோடு இடம் கிடைத்தவர்கள் ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் என்று அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதுவரை காத்திருப்போர் பட்டியல் அசைந்துகொண்டிருக்கும், துறை அலுவலகத்தில் எவருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. நமக்கு நினைவில் வைக்க வசதியான நாள்தான்: சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள். பலகாரம் தீர்ந்த பிறகு எழுதுங்கள். அதற்காக ஓகஸ்ட் வரை தள்ளிப்போடவும் கூடாது. உங்கள் விண்ணப்பத்தைப் படித்தவருக்கு அதற்குள் அது மறந்துபோயிருக்கும்.

எழுதுவதற்கு முன், அவர்களின் இணையப் பக்கத்தில் 'தனிப்பட்ட கருத்து வழங்க இயலாது' என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பல இடங்களில் இருக்கும். இருந்தால் அலுவலகத்துக்கு எழுதிப் பயனில்லை.

யாருக்கு எழுதுவது என்பதிலும் பிழை விடுகிறோம். துணைவேந்தருக்கு எழுதுவது துரையைத் தாண்டிக் கொழும்புக்கு எழுதுவது மாதிரி. கடிதம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே மேசைக்குத்தான் வரும், வரும்போது எரிச்சலையும் கூட்டிக்கொண்டு வரும். படிப்பின் இணைப்பாளர் அல்லது அந்த அலுவலகத்தின் உதவிப் பதிவாளர் போதும். பேராதனையில் விஞ்ஞானத்துக்கும் விவசாயத்துக்கும் மானிட, சமூக விஞ்ஞானங்களுக்கும் தனித்தனியாகப் பட்டப்பின்படிப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. 'பேராதனைப் பல்கலைக்கழகம்' என்று மட்டும் முகவரியிட்டு அனுப்பினால் அது எங்கே போய்ச் சேரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். விண்ணப்பிக்கும் முன்பே ஒரு பேராசிரியரோடு ஆய்வு பற்றிக் கடிதத் தொடர்பு இருந்திருந்தால் அவருக்கு எழுதலாம். இல்லையென்றால் வேண்டாம்.

ஆள் பிடித்துப் பேசுவது தனிக் கதை. தோட்டக் கமிட்டித் தலைவரிலிருந்து பாராளுமன்ற உறுப்பினர் வரை, யாராவது ஒரு ஐயா மூலமாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று வீட்டில் சொல்வார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். குழாய்த் தண்ணீரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரை அப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் தெரிவுக் குழுவுக்கு வெளியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போனால், நீங்கள் கருத்துக் கேட்பதாக அங்கே எவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தலையீடு என்றே எடுத்துக்கொள்வார்கள். உள்நாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் நேரம் கேட்டுவிட்டு நேரில் போகலாம். மின்னஞ்சலைவிட அது நன்றாகப் பலிப்பதைப் பார்த்திருக்கிறேன். தனியாகப் போங்கள், அவ்வளவுதான்.

இனிக் கேள்வி. "ஏன் என்னைத் தெரிவு செய்யவில்லை?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தம் முடிவுக்கு வக்கீலாக மாறிவிடுகிறார். வக்கீல் அளந்துதான் பேசுவார். "மீண்டும் விண்ணப்பித்தால் எதைச் சீர்செய்ய வேண்டும்?" என்று கேட்டால் அவரே ஆசிரியராகிறார். ஆசிரியர்களுக்குத் திருத்தம் சொல்லாமல் இருக்க முடியாது. என் பழைய மின்னஞ்சலுக்குப் பதிலாக இன்று எழுதுவதானால் இப்படி எழுதுவேன். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் சாரம் இதுதான்:

"இவ்வாண்டு உங்கள் துறையில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். முடிவு கிடைத்தது, பரிசீலித்தமைக்கு நன்றி. அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். ஆய்வு முன்மொழிவு, எழுத்து மாதிரி, பாடப் பின்னணி ஆகிய மூன்றில் எதை முதலில் வலுப்படுத்த வேண்டும் என்று ஓரிரு வரிகளில் சொல்ல முடிந்தால் மிகவும் உதவியாக இருக்கும். இவ்வாறு கருத்துச் சொல்வது உங்கள் வழக்கத்தில் இல்லையென்றால் புரிந்துகொள்கிறேன்."

பெயரும் விண்ணப்ப இலக்கமும் கீழே. இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். மூன்றைச் சொல்லி ஒன்றைக் கேட்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. படிப்பவர் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு சொல்லில் பதில் அனுப்பிவிடலாம்.

லயக் காம்பராக் கதையை இந்த மின்னஞ்சலில் எழுத வேண்டாம் என்று நான் சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடும். அந்தக் கதையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு உரிய இடம் விண்ணப்பத்தோடு போகும் தன்விளக்கக் கட்டுரை. அங்கேயும் அது இரக்கம் கேட்கும் கதையாக இல்லாமல், உங்கள் ஆய்வுக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்று காட்டும் கதையாக இருக்க வேண்டும். முடிவு வந்தபின் அதைச் சொன்னால், படிக்கிறவர் சங்கடப்படுவாரே தவிர, விண்ணப்பத்தில் எதைத் திருத்தலாம் என்று சொல்ல அவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. மற்றவரோடு ஒப்பிடுவதும் அப்படியே. கூடப் படித்தவருக்குக் கிடைத்ததை எழுதியவுடன் கடிதம் முறைப்பாடாகிவிடுகிறது.

சட்டத்தைத் தப்பாகப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தெரிவு அளவுகோல் என்ன, நேர்முகப் பரீட்சையில் எதற்கு எத்தனை புள்ளி, உங்களுக்குக் கிடைத்தது எவ்வளவு என்று கேட்க அது நல்ல வழி. பிறருடைய விபரங்களைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். ஆனால் அது பதிவேட்டில் உள்ளதைக் கொடுக்கும் சட்டம், யோசனை சொல்லும் சட்டம் அல்ல. சாதாரணக் கடிதம் ஒன்று போட்டுப் பார்க்காமல் முதல் நாளே அதை நீட்டினால், சொல்ல வாயெடுத்தவரும் சட்டப் பிரிவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார். அமெரிக்காவில் மாணவர் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை தரும் 1974ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே சேர்ந்து படித்தவர்களுக்கு உரியது. நிராகரிக்கப்பட்ட நமக்கு அது உதவாது. பிரித்தானியாவில் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் பதிவுகளின் பிரதியை எந்த நாட்டிலிருந்தும் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். இரகசியமாகக் கொடுக்கப்பட்ட சிபாரிசுக் கடிதங்களை எதிர்பார்க்க வேண்டாம்.

சிபாரிசுக் கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. "சேர், நீங்கள் என்னைப் பற்றி ஏதாவது குறைவாக எழுதிவிட்டீர்களா?" என்று தன் விரிவுரையாளரிடம் கேட்ட ஒருவரை அறிவேன். அடுத்த ஆண்டுக்கு ஒரு சிபாரிசுக்காரர் குறைந்தார். உண்மையில் அவரிடம் கேட்க வேண்டியது வேறு. அனுப்பிய விண்ணப்பத்தை முழுதாக அவர் கையில் கொடுத்து, குழுவில் நீங்கள் இருந்தால் எந்த இடத்தில் நிறுத்தியிருப்பீர்கள் என்று கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகமும் பதில் போடாத ஆண்டில் எனக்கு வழிகாட்டியது அந்தக் கேள்விதான். என் எழுத்து மாதிரி ஒரு துறையிலும் ஆய்வு முன்மொழிவு இன்னொரு துறையிலும் நிற்பதை என் பழைய விரிவுரையாளர் தேநீர் ஆறுவதற்குள் காட்டிவிட்டார்.

பதில் வந்தால் அதைப் படிப்பதிலும் தடுக்கி விழலாம். 'இவ்வாண்டு போட்டி கடுமையாக இருந்தது' என்பது மரியாதைச் சொல். அதைப் பிரித்துப் பார்த்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 'உங்கள் ஆய்வு எங்கள் துறையோடு பொருந்தவில்லை' என்றால் நின்று யோசியுங்கள். தவறான கதவைத் தட்டியிருக்கிறீர்கள் என்று சொல்கிறார்கள், அடுத்த ஆண்டும் அதே கதவுக்குப் போவதில் பொருளில்லை. 'ஆய்வு முறை தெளிவாக இல்லை' என்பது போலக் குறிப்பாக ஒரு வரி வந்தால் அது பொன். அதோடு வாதாடாதீர்கள். "மூன்றாம் பக்கத்தில் விளக்கியிருந்தேனே" என்று பதில் எழுத விரல் துடிக்கும். விளக்கியும் அவருக்கு விளங்கவில்லை என்பதுதான் அவர் தந்த தகவல். ஒரு வரியில் நன்றி போதும். பதிலே வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதன்பின் விட்டுவிடுங்கள்.

மறுபடி விண்ணப்பிக்கும்போது, முன்னர் இங்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று சில படிவங்களில் கேட்பார்கள். பலர் 'இல்லை' என்று குறிக்கப் பார்க்கிறார்கள். 'ஆம்' என்றே குறியுங்கள். பழைய கோப்பு அவர்களிடம் இருக்கும். காரணம் கேட்டு நீங்கள் எழுதிய மின்னஞ்சலும் அதற்குள் இருக்கக்கூடும்.