சிறுவர்களுக்கு ஜாம்பிக் கதை எழுதுகிறீர்களா? இந்தக் குழிகளைப் பார்த்து நடங்கள்

ஜாம்பி என்றால் தன் நினைவே இல்லாமல் நடமாடுகிற உடம்பு. என் முதல் ஜாம்பிக் கதையை அக்கா மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பத்து வயது. மூன்றாம் அத்தியாயத்தில் ஊரே பற்றி எரிகிறது, ஹெலிகாப்டர் விழுகிறது, ஒரே பத்தியில் நாற்பது பேர் காலி. எழுதும்போது எனக்கே கை நடுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கன்னத்தில் கை வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "சித்தி, அந்த நாய்க்கு என்ன ஆச்சு?"

முதல் அத்தியாயத்தில் வாசலில் ஒரு நாயைக் கட்டிப்போட்டிருந்தேன். அதை அவிழ்த்துவிட மறந்தே போயிருந்தேன்.

அதற்குப் பிறகு நானும் பலமுறை எழுதிக் கிழித்திருக்கிறேன், நண்பர்கள் எழுதியதையும் படித்துப் பார்த்திருக்கிறேன். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக எழுத உட்காரும் பெரியவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

ரத்தத்தை ஊற்றினால் பயம் வந்துவிடும் என்று நினைப்பது

நாம் பார்த்து வளர்ந்த ஜாம்பிகள் பெரியவர்களுக்கான படங்களில் வந்தவை. அதனால் எழுத உட்கார்ந்ததும் குடல், மூளை, பிய்ந்து தொங்கும் தாடை என்று கை தானாகப் போகிறது. பத்து வயதுப் பிள்ளை இதைப் படித்தால் ஒன்று அருவருத்துப் புத்தகத்தை மூடும், இல்லையென்றால் சிரிக்கும். பயப்படுவது அபூர்வம். அந்த வயதில் அடிவயிற்றைக் கவ்வுகிற பயம் வேறு: தனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் தன்னைத் தெரியாதவர்போலப் பார்ப்பது. ஜாம்பிக் கதைக்கு மூலதனம் அதுதான், மற்றதெல்லாம் அலங்காரம்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நண்பர் ஒருவரின் பிரதியில் கணக்கு டீச்சர் ஜாம்பியாகிவிடுகிறார். முதலில் இப்படி எழுதியிருந்தார்: "டீச்சரின் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது, அவர் கோரமாகக் கத்தியபடி பாய்ந்தார்." திருத்தி எழுதியபோது இப்படி ஆனது: டீச்சர் கரும்பலகைக்கு முன் நிற்கிறார். கையில் சாக்பீஸ் இல்லை, ஆனால் விரல்கள் எழுதிக்கொண்டே இருக்கின்றன. நகம் பலகையில் கிறீச் கிறீச்சென்று உரசுகிறது. மூக்குக்கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்குகிறது. வாசலில் நிற்கும் சிறுமி, "மிஸ்..." என்கிறாள். விரல்கள் நிற்கின்றன. அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. படித்துவிட்டு நான் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தேன், எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

கடித்துத் தின்பதுதான் ஜாம்பி என்று ஒரு சட்டமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த உருவம் பிறந்தது கரீபியன் தீவு நாடான ஹைட்டியில். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்துப் பிழிந்தெடுத்த காலத்தோடு பின்னிப் பிணைந்த நம்பிக்கை அது. செத்தாலும் விடுதலை கிடையாது, யாரோ ஒருவர் உன்னை எழுப்பி மறுபடி வேலை வாங்குவார் என்பதுதான் அங்கே பயம். ஜாம்பி அங்கே யாரையும் கடிக்கவில்லை, பாவம், அதுதான் பாதிக்கப்பட்ட உயிர். பிணங்கள் கூட்டமாக வந்து மனிதரைத் தின்கிற வடிவத்தை நிலைநிறுத்தியது 1968இல் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே ஒருமுறைகூட வருவதில்லை. ஆக உங்கள் ஜாம்பி தின்னலாம், தின்னாமலும் இருக்கலாம். ஆனால் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விதி இல்லாத ஜாம்பி

பேய்க்கும் ஜாம்பிக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பேய் சுவருக்குள் புகுந்து வரும், நினைத்தால் மறையும். வேதாளம் தோளில் தொங்கிக்கொண்டு புதிர் போடும். ஜாம்பியால் இதெல்லாம் முடியாது. அதற்கு இருப்பது ஓர் உடம்பு மட்டும்தான், அந்த உடம்புக்கு எல்லைகள் உண்டு, பிள்ளைகள் தப்பிப்பதற்கான வழி அந்த எல்லைகளில்தான் இருக்கிறது.

எழுத ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கண் தெரியுமா, காது கேட்குமா, வாசனை பிடிக்குமா? படி ஏறுமா? கதவுக் கைப்பிடியைத் திருப்புமா? தண்ணீரில் விழுந்தால் மிதக்குமா, அடியில் நடக்குமா? தொற்று எப்படிப் பரவுகிறது, தொற்றிய எத்தனை நேரத்தில் ஆள் மாறுகிறார்? இந்தத் தாளை வாசகருக்குக் காட்டவே வேண்டாம். ஆனால் நீங்கள் மீறக் கூடாது. பெரியவர்கள் கதை நன்றாக இருந்தால் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள், பத்து வயது வாசகர் வக்கீல். "பன்னிரண்டாம் பக்கத்தில காது கேக்காதுன்னு போட்டிருக்கே, அப்புறம் எப்படி விசிலுக்குத் திரும்புது?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால் அத்தோடு உங்களை நம்ப மாட்டார்.

விதிகளுக்கு இயற்கையிலேயே அருமையான சரக்கு கிடக்கிறது. ஒஃபியோகார்டிசெப்ஸ் என்றொரு பூஞ்சை வகை எறும்பின் உடலுக்குள் வளர்ந்து அதன் நடத்தையையே மாற்றிவிடும். எறும்பு கூட்டை விட்டு வெளியேறி, ஒரு செடியில் ஏறி, இலை நரம்பை இறுகக் கடித்தபடியே செத்துப்போகும். பிறகு தலைப்பக்கத்திலிருந்து ஒரு காம்பு முளைத்து, வித்துகளைக் கீழே நடமாடும் எறும்புகள்மேல் உதிர்க்கும். மரகதக் குளவி இன்னும் ஒரு படி மேல். கரப்பானின் மூளையில் கொட்டி, ஓடும் எண்ணத்தையே அணைத்துவிட்டு, அதன் உணர்கொம்பைப் பிடித்து வளைக்குள் கூட்டிக்கொண்டு போகும், கரப்பானும் சங்கிலியில் கட்டிய நாய்போலப் பின்னாலேயே போகும். உள்ளே அதன்மேல் ஒரு முட்டை. பிறகு நடப்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஆனால் இதையெல்லாம் படித்த உற்சாகத்தில் முதல் அத்தியாயத்திலேயே கொட்டிவிடுவார்கள் பாருங்கள், அது அடுத்த தவறு. வெள்ளைக் கோட்டு விஞ்ஞானி, கீழே விழுந்து உடையும் குப்பி, மூன்று பக்கத்துக்கு வைரஸ் விளக்கம். வேண்டாமே! பூச்சிப் பைத்தியமான ஒரு பையனிடம் இந்த எறும்புச் செய்தியைக் கொடுத்துவிடுங்கள். அவன் ஓடிக்கொண்டே மூச்சிரைக்கச் சொல்லட்டும், பாதி தப்பாகவும் சொல்லட்டும். அவன் தப்பாகப் புரிந்துகொண்ட பாதியால்தான் ஏழாம் அத்தியாயத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்ள வேண்டும்.

உலகத்தையே அழித்துவிடுவது

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஜாம்பி நாளைக்கு ஒரே ஒருவரைக் கடிக்கிறது, கடிபட்டவர் மறுநாளிலிருந்து அதே வேலையைத் தொடங்குகிறார் என்று வையுங்கள். பத்து நாளில் 1,024 ஜாம்பிகள். இருபது நாளில் பத்து லட்சம் தாண்டிவிடும். 33ஆம் நாள் கிட்டத்தட்ட 859 கோடி, அதாவது உலகத்தில் கடிக்க ஆளே மிச்சமில்லை. நிஜத்தில் இவ்வளவு சீராகப் பரவாதுதான், ஆனாலும் "நொடியில் மாறிவிடுவார்கள், ஊர் முழுக்கப் பரவியது, இரண்டு வருடம் கழித்து..." என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும், உலகம் அழிவதைப் பிள்ளைகளால் உணரவே முடியாது, அது வெறும் எண். ஒரு பள்ளிக்கூடம், நடுக்கடலில் ஒரு படகு, பூட்டப்பட்ட நூலகம், இரவில் போகும் ஒரு பேருந்து என்று இடத்தைச் சுருக்குங்கள். எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று வாசகருக்கு மனப்பாடமாகிவிட்டால், அதில் ஒன்று திறந்திருப்பதை மட்டும் சொன்னால் போதும், மற்றதை அவரே பார்த்துக்கொள்வார்.

பெரியவர்களை அப்புறப்படுத்தும் அவசரம்

அப்பா அம்மா பக்கத்தில் இருந்தால் சாகசம் எங்கே நடக்கும்? அவர்கள்தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள்! இந்தச் சிக்கல் உண்மையானது. அதற்காக முதல் அத்தியாயத்திலேயே இருவரையும் கொன்றுவிட்டு, இரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பிள்ளைகள் பிஸ்கட்டுக்குச் சண்டை போட்டுச் சிரிப்பதாக எழுதினால் எப்படி? அம்மா செத்தால் அந்தச் சாவின் கனம் கடைசிப் பக்கம்வரை கதையில் இருந்தாக வேண்டும். அதைத் தூக்கிச் சுமக்கத் தயாராக இல்லாவிட்டால் கொல்லாதீர்கள்.

எல்லாப் பெரியவர்களையும் முட்டாளாக்குவது இன்னொரு சோம்பேறி வழி. அதைவிட, உதவ நினைத்தும் முடியாத பெரியவர் சுவாரசியமானவர். கால் உடைந்து மாடியில் கிடக்கும் தாத்தா, ஆற்றின் அந்தப் பக்கத்தில் நின்று கையசைக்க மட்டும் முடிகிற அப்பா. அப்பா கண்ணுக்குத் தெரிகிறார், ஆனால் எட்டவில்லை என்றால் செத்துப்போனதைவிட அது அதிகம் படுத்தும்.

பதினோரு வயதுக் கமாண்டோ

இந்த வயதினர் தங்களைவிட ஓரிரு வயது மூத்த நாயகர்களை விரும்பிப் படிப்பார்கள், அதனால் நாயகிக்குப் பன்னிரண்டு வயது வைப்பது சரிதான். ஆனால் பன்னிரண்டு வயது உடம்பும் அவளுக்கு வேண்டும். முதுகுப்பையின் எடை உடல் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் பொதுவான அளவு. முப்பது கிலோ எடையுள்ள பிள்ளை என்றால் மூன்றிலிருந்து நாலரை கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்தால் பையில் வேறு எதற்கும் அநேகமாக இடமில்லை, ஆனால் நாம் எழுதும் கதைகளில் பிள்ளைகள் ஒரு மாதச் சாப்பாட்டையும் கூடாரத்தையும் கோடரியையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்! எதை எடுப்பது, எதை விடுவது என்பதே நல்ல காட்சி. தம்பி தன் பொம்மையை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான், அதன் எடை அரை கிலோ. அக்கா என்ன செய்வாள்?

கோடரி என்றதும் ஞாபகம் வருகிறது. நான் படித்த பிரதிகளில் அடிக்கடி வருவதும், எழுதியவர்கள் கவனிக்கவே தவறுவதும் இந்தத் தவறுதான். கதை முழுக்கப் பிள்ளைகள் ஜாம்பிகளின் மண்டையைப் பிளந்துகொண்டே போவார்கள், கடைசி அத்தியாயத்தில் மருந்து கண்டுபிடித்துவிடுவார்கள், மிச்சமிருக்கிற ஜாம்பிகளெல்லாம் குணமாகி வீட்டுக்குப் போவார்கள். சுபம். அப்படியானால் ஐந்தாம் அத்தியாயத்தில் மட்டையால் அடித்துக் கொன்றார்களே, அந்தத் தபால்காரர்? அவரும் குணமாகியிருப்பார் இல்லையா? உங்கள் நாயகன் கொலைகாரன் ஆகிவிட்டான், உங்களுக்குத்தான் தெரியவில்லை. மருந்து உண்டா இல்லையா என்று முதல் வரி எழுதும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். உண்டு என்றால் அவர்கள் ஏமாற்றித் தப்பிக்கட்டும், கதவைப் பூட்டட்டும், அலாரம் கடிகாரத்தை அடுத்த அறையில் வைத்து அந்தப் பக்கம் இழுக்கட்டும். அடித்து வீழ்த்துவதைவிட இதுதான் படிக்கவும் விறுவிறுப்பு.

சில்லறைத் தவறுகள்

அத்தியாய முடிவில் "புதருக்குள் ஏதோ அசைந்தது!" என்று போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் பூனை என்பது. ஒருமுறை செய்யலாம். இரண்டாவது முறை செய்தால் நிஜமாகவே ஜாம்பி வரும்போதும் பூனை என்றுதான் நினைப்பார்கள்.

போனையே பார்த்துக்கொண்டிருந்தால் ஜாம்பி ஆகிவிடுவாய், கை கழுவாவிட்டால் ஜாம்பி ஆகிவிடுவாய் வகையறா. திட்டு வருகிற வாசனையைப் பிள்ளைகள் பத்துப் பக்கத்துக்கு முன்பே பிடித்துவிடுவார்கள்.

அப்புறம் "கர்ர்ர்ர்... ஆஆஆ..." என்று வரிக்கணக்கில் உறுமவிடுவது. இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்பும் நம் மொழியில் கொட்டிக் கிடக்கும்போது இது எதற்கு? சருகு சரசரவென்கிறது, படிக்கட்டில் தட்... தட்... என்று ஒரு கால் மட்டும் விழுகிறது, மற்றொன்று சர்ரென்று இழுபடுகிறது. எத்தனை ஜாம்பி, எந்தக் கால் ஊனம், எவ்வளவு தூரம் என்று காதே சொல்லிவிடும். ஆனால் இதையும் அளவோடு, பக்கத்துக்கு ஒன்று போதும்.

நகைச்சுவை வேண்டும், கட்டாயம் வேண்டும், பயந்த பிள்ளைக்கு மூச்சு விட இடம் வேண்டாமா? ஆனால் ஜோக் அடிப்பது கதையில் வரும் பிள்ளையாக இருக்கட்டும். பயத்தில் சம்பந்தமே இல்லாமல் உளறுகிற பையன் போதும். எழுத்தாளர் நடுவில் புகுந்து கிச்சுகிச்சு மூட்டினால் பயமும் போகும், சிரிப்பும் வராது.

சரி, அந்த நாய் விஷயம். கதையை முழுக்கத் திருத்தி, நெருப்பையும் ஹெலிகாப்டரையும் தூக்கிப் போட்டுவிட்டு, நாயை நான்காம் அத்தியாயத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு வரவைத்தேன். நண்பரிடம் அனுமதி வாங்கி அந்தக் கணக்கு டீச்சரையும் என் கதைக்குள் சேர்த்துக்கொண்டேன், கடைசியில் அவர் குணமாகி வகுப்புக்குத் திரும்புகிறார். போன மாதம் மறுபடி வாசித்துக் காட்டினேன். டீச்சரின் விரல்கள் நின்ற இடத்தில் அக்கா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"நாய் ஓகே சித்தி," என்றாள். "ஆனா டீச்சர் கண்ணாடி அப்புறம் கீழ விழுந்துச்சே, அது இல்லாம மறுபடி எப்படிப் பாடம் நடத்தினாங்க?"